மின்கசிவு என்று சொன்னேன்

எரிந்துபோன இடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழிலாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் எங்களை சர்வேயர் என்று சொல்லும். ஜவுளிக் கடை, நூல் கிடங்கு, அச்சகம், எது எரிந்தாலும் அணைந்த மறுநாள் அங்கே போய் நிற்பேன். தரையில் தண்ணீரும் கரியும் குழம்பிக் கிடக்கும். எந்த இடத்தில் மிகக் கீழே எரிந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். தீ மேல்நோக்கிப் போகும், ஆகவே அது தொடங்கிய இடம் பெரும்பாலும் கீழே இருக்கும். அதன் பிறகு ஒயர்களை எடுத்து முனைகளைப் பார்ப்பேன். வெளித் தீயில் வெந்த செம்புக் கம்பி ஒரு மாதிரி இருக்கும். மின்சாரத்தாலேயே உருகிய கம்பியின் முனையில் கடுகு போல ஓர் உருண்டை நிற்கும். முப்பது வருடங்களுக்கு மேல் இந்த வேலையைச் செய்தேன்.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் 'மின்கசிவு' என்று எழுதினேன். செய்தித்தாளிலும் அந்தச் சொல்தான் வரும். மழை பெய்தது என்பதைப் போல மின்சாரம் கசிந்தது, அவ்வளவுதான். யார் எந்த ஒயரில் எதை மாட்டினார்கள், யார் வேண்டாம் என்று சொல்லியும் மாட்டினார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் போய்விடும். கடைக்காரர் கும்பிடுவார். நான் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுவேன்.

அந்தச் சொல்லை என் வீட்டுக்கும் ஒரு முறை பயன்படுத்தினேன். அதனால் ஒரு மனிதர் தன் பெயரை இழந்தார். அதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. ஒரே தளம், மேலே மொட்டை மாடி. நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மனைவி பல வருடங்களுக்கு முன்பே கறி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏதோ வேண்டுதல். என்னவென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று முதல் எங்கள் அடுப்படியில் கறிச்சட்டி ஏறியது கிடையாது. நான் கறியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கி வந்து நேராக மாடிக்குப் போவேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, இலையைச் சுருட்டி, மாடிக் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் இதே ஏற்பாடு உண்டு. அடுப்படிக்கு ஒரு சட்டம், மொட்டை மாடிக்கு ஒரு சட்டம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்தபோது, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் காரிலிருந்து இறக்கினான். கோழியைக் கம்பி வலையில் வைத்துச் சுடுகிற மின்சார கிரில். கரி அடுப்பு என்றால் புகை பக்கத்து வீடுகளுக்குப் போகும், கரண்ட் அடுப்பில் புகை இல்லை, மாடியிலேயே சுடலாம் என்றான். எனக்காகத்தான் வாங்கி வந்திருந்தான். அடியில் ஒட்டியிருந்த தகட்டில் இரண்டாயிரத்து இருநூறு வாட்ஸ் என்று இருந்தது. தடித்த ஒயர், மூன்று கட்டைப் பின்கள்.

அன்று, அதாவது தீபாவளிக்கு முந்தின நாள், ஹால் மின்விசிறியைப் பார்ப்பதற்காக எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நாங்கள் வீடு கட்டியபோது வயரிங் செய்தவர் அவர்தான். தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் வேலை பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, இம்புட்டுப் பெருசா?"

"கோழி சுடுறதுண்ணே," என்றான் மகன்.

"கோழிய மட்டும் சுட்டா சரி. வீட்டச் சுட்டுறாம." சிரித்துக்கொண்டே பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சார், இது பவர் பின்னு. மாடியில ஒரு பல்பு பாயிண்டத் தவிர ஒண்ணும் கெடையாது. இத எங்க மாட்டுவீக?"

"ஹால்ல இருந்து ஒயர் இழுக்கலாம்னு பாக்குறேன்," என்றேன்.

"ஹால்ல இருக்குறது டி.வி.க்குப் போட்டது சார். இதுக்குத் தனி லைனு வேணும். நாலு ஸ்கொயர் கேபிள் மெயின்ல இருந்து நேரா இழுத்து, மேல பதினாறு ஆம்ப்ஸ் சாக்கெட் வச்சு, எர்த்தச் சேத்துருவோம். இந்த பீஸ் கட்டையத் தூக்கிப் போட்டுட்டு ட்ரிப்பர் மாட்டிருவோம். நானும் அஞ்சு வருசமாச் சொல்றேன்."

"நாளைக்குச் செஞ்சிருவமாண்ணே?" என்றான் மகன்.

"நாளைக்குத் தீபாவளி தம்பி. நான் ஏணியோட கெளம்புனா எம் பொண்டாட்டி என்னைய அந்த ஏணியிலயே கட்டி வச்சிருவா."

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "தீபாவளி முடிஞ்சா காப்புக் கட்டு. சஷ்டி முடியுற வரைக்கும் செவுத்தக் கொத்துற வேலையெல்லாம் வேணாம். கறி வாடையும் வேணாம், சொல்லிப்புட்டேன்."

எங்கள் ஊரில் தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டிக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். அந்த ஆறு நாளும் மனைவி விரதம் இருப்பாள். மாடிக்கும் அப்போது அடுப்படியின் சட்டம்தான். விரதம் முடிவதற்குள் மகன் பெங்களூர் போய்விடுவான். அதனால் அந்தக் கிரில்லைப் பயன்படுத்த எங்களுக்கு இருந்தது தீபாவளி மத்தியானம் ஒன்றுதான். அவன் ஆசையாக வாங்கி வந்ததைப் பிரிக்காமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இந்த வருசம் கடையிலயே வாங்கிச் சாப்பிடுங்க," என்றார் எலக்ட்ரீஷியன், பையை எடுத்துக்கொண்டு. "உங்களுக்குப் போயி நான் சொல்லணுமா சார்? எத்தன எரிஞ்ச கடையப் பாத்திருப்பீக."

"தெரியும்ப்பா. நான் பாத்துக்குறேன்," என்றேன்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, சீரியல் விளக்குகளுக்காக எப்போதோ வாங்கி வைத்திருந்த ஒயர் சக்கரத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் சக்கரத்தில் சுற்றிய மெல்லிய ஒயர், எலக்ட்ரீஷியன் சொன்ன நாலு ஸ்கொயர் தடிமனுக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டே கம்பி, எர்த் கிடையாது. கிரில்லின் கட்டைப் பின் அதில் நுழையவில்லை. சின்னத் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பின்கள் இரண்டு வீட்டில் கிடந்தன. ஒன்றை கிரில்லின் பின்னில் மாட்டினேன். ஹாலில் டி.வி.யின் சாக்கெட் தளர்ந்திருந்தது, ஒயரின் பின் ஆடியது. இடையில் இன்னொரு கன்வெர்ட்டரைச் செருகி இறுக்கினேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த சாக்கெட். ஒயரை அங்கிருந்து மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய், படி வழியாக மேலே ஏற்றினேன். மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. மிச்சம் சக்கரத்திலேயே சுற்றியபடி இருந்தது.

சுற்றி வைத்த ஒயரில் அதிகக் கரண்ட் போனால் சூடு வெளியேற வழி இருக்காது. உள்சுற்று வெந்து, அடுத்த சுற்றை வேகவைக்கும். இதை நான் பல அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். கல்யாண மண்டபம் ஒன்று இதே காரணத்தால் எரிந்ததைப் போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து விட்டால் ஹால் முழுக்க ஒயர் கிடக்கும், பலகாரம் கொண்டுவருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று நினைத்தேன். சக்கரத்தைப் படிக்குக் கீழே மூலையில் தள்ளினேன். பழைய செய்தித்தாள் கட்டுகள் அங்கே இருந்தன. கிரில் வந்த அட்டைப்பெட்டியையும் அதன் தெர்மோகோல் துண்டுகளையும் நானே கொண்டுபோய் அந்தச் சக்கரத்தின் மேல் வைத்தேன். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

"அப்பா, இந்த ஒயர் தாங்குமா?" என்று மகன் கேட்டான்.

"எனக்கே சொல்றியா?" என்றேன்.

கோழி வலையில் ஏறிய சில நிமிடங்களில் ஃபியூஸ் போயிற்று. இறங்கி வந்து புதுக் கம்பி போட்டேன். மறுபடி போயிற்று. மகன் படியில் நின்று, "விடுங்கப்பா, கேஸ் அடுப்ப மேல தூக்கிட்டு வந்துரலாம்," என்றான். மருமகள் பாதி வெந்த கோழித் துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "இரு," என்றேன்.

பழைய ஒயர்த் துண்டு ஒன்றிலிருந்து ஆறு செம்பு இழைகளை உருவி முறுக்கி, ஃபியூஸ் கட்டையில் வைத்துத் திருகினேன். ஃபியூஸ் கம்பி மெலிதாக இருப்பதே அது முதலில் போகவேண்டும் என்பதற்காகத்தான். அதைத் தடிப்பாக்கினால் அடுத்து போவது வேறு ஏதாவதாக இருக்கும். மனைவி ஹாலில் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது என்னங்க, கத்தையா வைக்கிறீக?"

"சும்மா இரு," என்றேன்.

அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிரில் நன்றாக எரிந்தது. கோழியில் மிளகும் எலுமிச்சையும் தூக்கலாக இருந்தன. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். மூன்றாவது துண்டு கையில் இருக்கும்போது அந்த வாசனை வந்தது. வெந்த பிளாஸ்டிக் வாசனை. என் சட்டையிலிருந்து முப்பது வருடம் போகாத வாசனை அது. தெருவெல்லாம் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். வெடிப்புகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துண்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

கீழே மனைவி கத்தினாள்.

மாடிப்படியில் கறுப்புப் புகை நிறைந்திருந்தது. தெர்மோகோல் எரிந்தால் அப்படித்தான் வரும். மகன் ஈரச் சாக்கை எடுத்து மூக்கில் பொத்திக்கொண்டு முதலில் இறங்கினான். நான் அவன் பின்னால் இறங்கி மெயினை அணைத்தேன். நாங்கள் வருவதற்கு முன்பே மனைவி சாக்கெட்டிலிருந்து பின்னைப் பிடுங்கி எறிந்திருந்தாள். எதைப் பிடுங்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; நான் கத்தையாக வைத்ததைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். ஆனால் அந்தக் கன்வெர்ட்டர் ஏற்கனவே உருகிக்கொண்டிருந்தது. அது அவளுடைய வலது உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டிக்கொண்டது. அவள் கையை உதறிக்கொண்டே இருந்தாள். அது போகவில்லை.

எதிர்வீட்டுக்காரரும் மற்றவர்களும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மெயின் அணைந்திருந்ததால் ஊற்றலாம் என்று சொன்னேன். அதை மட்டும் சரியாகச் சொன்னேன். தீ சீக்கிரமே அணைந்துவிட்டது. மகனும் மருமகளும் அவளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேரப்பிள்ளைகளை எதிர்வீட்டில் உட்காரவைத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கவேண்டும் என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். கூட்டம் வாசலுக்குப் போயிற்று.

அரை மணி நேரம் தனியாக இருந்தேன். ஒரு சர்வேயர் எதையெல்லாம் தேடுவானோ அதையெல்லாம் தேடி எடுத்தேன். ஒயர் சக்கரம் ஒரே கட்டியாக உறைந்திருந்தது. அதைச் சாக்கில் போட்டு அதன் மேல் ஈரச் சாம்பலை அள்ளிப் போட்டேன். கன்வெர்ட்டரின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தேன். படியில் கிடந்த ஒயரைச் சுருட்டினேன். ஃபியூஸ் கட்டையைக் கழற்றி ஆறு இழைகளையும் எடுத்துவிட்டு, அதற்குரிய ஒற்றைக் கம்பியை மாட்டி, கட்டையைத் துணியால் துடைத்து வைத்தேன். அப்போது மனைவியின் கையைப் பற்றி நினைத்தேனா என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நினைத்ததாக ஞாபகம் இல்லை.

சாக்கைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தபோது வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதன் செயலாளர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், முன்னால் வந்தார்.

"என்ன சார், ராக்கெட்டா? ஜன்னல் வழியா வந்துச்சா?"

எதிர்வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருடைய பிள்ளைகள் காலையிலிருந்து ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ராக்கெட் இல்ல. பிள்ளைக மேல ஒண்ணும் இல்ல. இது மின்கசிவு."

அவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுசன் சார் நீங்க," என்றார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள்.

செயலாளர் விடவில்லை. "மின்கசிவுன்னா வயரிங் கோளாறுதானே சார்? வயரிங் பாத்தது யாரு, நம்மாளுதானே?"

"பாக்கணும்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மற்றதைத் தெரு சொல்லிக்கொண்டது. அதுவரை நான் செய்தது மறைப்பு. அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் என்னைக் கேட்டான். "அந்த ஒயர்தானாப்பா?" "ஒயர் இல்ல, செவுத்துக்குள்ள இருக்குற வயரிங்," என்றேன். அது பொய். மகன் அங்கேயே நின்று எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டான். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தன்னைவிட இருபது வயது மூத்தவரை 'டா' போட்டுப் பேசினான்.

மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியனே எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மாவுக்கு எப்புடி சார் இருக்கு?"

"இருக்கா."

"எரிஞ்ச ஒயரக் கொஞ்சம் காட்டுறீகளா சார்? எங்க விட்டுச்சுன்னு பாத்துர்றேன்."

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணியாச்சு."

படிக்குக் கீழே போய்ப் பார்த்தார். சுவரை விரலால் தட்டினார். பிறகு ஃபியூஸ் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "கட்டை ரொம்பச் சுத்தமா இருக்கு சார்," என்றார். கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார். உங்க வார்த்தைய யாரும் தட்ட மாட்டாக," என்றார். "பாப்போம்ப்பா," என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வருடம் சஷ்டிக்குத் தெருவில் விளக்கு கட்டியது வேறொரு ஆள். அதன் பிறகு எந்த வீட்டு வாசலிலும் அவருடைய ஏணியைப் பார்க்கவில்லை.

மனைவிக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. சீப்பைப் பிடிக்க முடியாது. தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறேன். முதலில் கோணலாக வந்தது, இப்போது நேராக வருகிறது. அவள் ஃபியூஸ் கட்டையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. இரண்டு வருடங்கள் இப்படிப் போயின. சாப்பிட்டேன், தூங்கினேன், மாத்திரை வாங்கப் போனேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்லவேண்டும்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், பின்னிக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அவரு இப்ப எங்க வேல பாக்குறாருன்னு விசாரிச்சீகளா?"

"இல்ல."

"விசாரிங்க."

அன்றைக்கே செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஒயர் சக்கரம், ஆறு இழைகள், சாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு வந்து உங்ககிட்ட அழுதானா சார்?"

"யாரும் வரல. நான் செஞ்சதச் சொல்றேன்."

"உங்களப் பத்தித் தெரியாதா சார்? அன்னைக்கு எதுத்த வீட்டுப் பிள்ளைகளக் காப்பாத்துனீக. இன்னைக்கு இவனக் காப்பாத்துறீக. எரிஞ்சத ஆராயிறதே தொழிலா வச்சிருந்தவரு, நீங்க போயி பீஸ் கட்டையில கத்தையா வப்பீகளா? காபி ஆறுது, குடிங்க."

நான் தடயங்களை அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தேன். நானே சொல்லியும் நம்ப ஆள் இல்லை.

எலக்ட்ரீஷியனைப் பற்றித் தேநீர்க் கடையில் விசாரித்தேன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களில் மோட்டார் வேலைக்குப் போகிறார், வேறொருவரிடம் ஆளாக, என்றார்கள். மறுநாள் பஸ் ஏறினேன். சமயநல்லூரில் இறங்கி இன்னொரு பஸ். ஆற்றை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றில், மோட்டார் அறை வாசலில், மண்ணில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எத்தன இழை சார்?" என்றார்.

"ஆறு."

"நான் நாலு இருக்கும்னு நெனச்சேன்."

"அன்னைக்கே தெரியுமா?"

"அம்புட்டுப் பெரிய தீப் பிடிச்ச வீட்டுல பீஸ் கட்டை மட்டும் நேத்து வாங்குன மாதிரி இருந்தா தெரியாதா சார்? நான் சொன்னா யாரு நம்புவாக? நீங்க சர்வேயரு. நான் எட்டாவது படிச்சவன்."

வீட்டுக்கு வந்து மாடிக்குத் தனி லைன் இழுத்துத் தரவேண்டும், தெருவில் எல்லோரும் பார்க்க ஏணியோடு வரவேண்டும் என்று கேட்டேன். வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். "நல்லா இருக்கு சார். நான் ஏணியோட உங்க வீட்டுக்குள்ள நொழஞ்சா, செஞ்ச தப்புக்கு இப்பச் சும்மா வேல செஞ்சு குடுக்குறான்னு சொல்லுவாக. வேணாம். நீங்க அறிக்கை எழுதுறவருதானே? உங்க வீட்டுக்கும் ஒண்ணு எழுதுங்க. எழுதிச் சங்கத்துல எந்திரிச்சு நின்னு வாசிங்க. அதுல கையெழுத்துப் போட்டு எனக்குக் குடுங்க."

"சரி," என்றேன்.

"உங்க பையனுக்கும் ஒண்ணு அனுப்புங்க. எம் பிள்ளைக முன்னாடி ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன் சார் அந்த போன. என்னமோ வேலைக்குத்தான் கூப்புடுறாகன்னு."

வீட்டுக்கு வந்து எழுதினேன். பழைய படிவங்கள் இல்லை, வெள்ளைத் தாளில் நானே கட்டங்கள் போட்டுக்கொண்டேன். எந்த இடம், எந்தப் பொருள், தீ எங்கே தொடங்கியது, எதை எடுத்து எங்கே போட்டேன். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒன்பது வரிகள் வந்தன. எச்சரித்தவர் யார், எப்போது, என்ன சொல்லி எச்சரித்தார் என்பதும் அதில் இருந்தது. மகனுக்கு முதலில் அனுப்பினேன். அவன் இரண்டு நாள் கழித்து அழைத்தான். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியும்," என்றேன். வைத்துவிட்டான். எலக்ட்ரீஷியனிடம் அவன் போனில் பேசியிருக்கிறான் என்று பிறகு மனைவி சொன்னாள். என்னிடம் இதுவரை பேசவில்லை.

சங்கக் கூட்டம் மாதத்தில் முதல் ஞாயிறு காலை, செயலாளர் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினைந்து இருபது பேர். எழுந்து நின்று வாசித்தேன். முடித்ததும் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். என் கையைப் பிடித்த கைகள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அடுத்த விசயம் தெருவிளக்கு," என்றார். கலைந்து போகும்போது எதிர்வீட்டுக்காரர் மட்டும் வந்து எலக்ட்ரீஷியனின் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். கூப்பிட்டாரா என்று தெரியாது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி சோழவந்தானுக்குப் போனேன். அவர் அதை மோட்டார் அறை நிழலில் நின்று, எழுத்துக்கூட்டி, மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"சார், இது தப்பு. 'ஒரு ஸ்கொயர் ஒயர்'னு எழுதிருக்கீக. அது முக்கால் ஸ்கொயர். சீரியல் செட்டுக்குன்னு நாந்தானே உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்."

"மறந்துபோச்சு."

"ஒரு ஸ்கொயர்னே கூட்டத்துல வாசிச்சீகளா?"

"ஆமா."

"ஒரு ஸ்கொயர்னா கொஞ்ச நேரம் தாங்கியிருக்குமே, அப்பச் செவுத்து வயரிங்தான்னு எவனாச்சும் நெனச்சுக்குவான் சார். அடுத்த கூட்டத்துல திருத்தி வாசிங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருடைய பேனாவை வாங்கி, 'ஒரு' என்பதை அடித்து 'முக்கால்' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அறிக்கைகளில் அப்படித்தான் செய்யவேண்டும். அவர் அதை மடித்து, வயர்மேன் லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

"மாடிக்கு லைனு இழுக்க வேற யாரையாச்சும் பாருங்க," என்றார். "நாலு ஸ்கொயர். எர்த்த மறந்துறாதீக. பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க சார்."

அவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. நான் வரப்பில் நடந்து சாலைக்கு வந்தேன்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் இருக்கும் பிரதியிலும் 'முக்கால்' என்று திருத்திவிட்டேன். முழுவதையும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும்.